உளிக்கு இணங்கும் எஃகு

எஃகின் பெருமையைப் பேசுகிறவர்கள் அதன் உறுதியையே முதலில் பேசுகிறார்கள். பாலத்தைத் தாங்குவதும், தண்டவாளமாகக் கிடந்து ரயிலின் பாரத்தைச் சுமப்பதும், கொதிகலனுக்குள் பொங்கும் நீராவியின் அழுத்தத்துக்கு ஈடுகொடுப்பதும் அந்த உறுதிதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே எஃகு ஒரு திருகாணியாகவோ, பல்சக்கரமாகவோ, பம்பின் தண்டாகவோ உருப்பெற வேண்டுமானால், முதலில் அது கடைசல் எந்திரத்தின் சக்கில் பூட்டப்பட்டு, தன்னைவிடக் கடினமான ஒரு கருவியின் முனையில் சீவுபட்டாக வேண்டும். அச்சமயத்தில், பின்னால் நமக்குப் பயன்படப்போகிற அந்த உறுதி முழுவதும் தொழிலாளிக்கு எதிராகத் திரும்பி, உளியை மழுக்கி, எந்திரத்தை அதிரவைத்து, பொழுதை விழுங்குகிறது. கையடக்கமான ஓர் உறுப்பின் அடக்கவிலையில் இரும்புக்குக் கொடுத்த தொகையைவிடக் கடைசல் கூலியும் எந்திர நேரமும் மிகுந்து நிற்பது சர்வசாதாரணம். ஆகவே, பிற்கால உழைப்புக்கு வேண்டிய வலிமையைப் பெரிதும் இழக்காமல், வெட்டுப்படுகிற அந்தக் கணத்தில் மட்டும் எஃகை இணங்க வைக்க முடியுமா என்ற கேள்வி, உலோக நூலாரையும் பட்டறைக்காரரையும் ஒருங்கே ஆட்கொண்டது இயல்பே.

அதற்கு இரண்டு மார்க்கங்கள் திறந்தன. உருக்கும்போதே எஃகுக்குள் வேறு பொருள்களைச் சிறு அளவில் சேர்த்து அதன் சுபாவத்தை மாற்றுவது ஒன்று. எஃகை இருந்தபடியே விட்டுவிட்டு, அதை வெட்டுகிற கருவியின் பொருளை மேம்படுத்துவது மற்றொன்று. கல்லூரிகளில் இவ்விரண்டையும் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிப்பது வழக்கம். இவை ஒன்றையொன்று நோக்கியே வளர்ந்தவை என்பதும், கருவியை மாற்றினால் எஃகில் சேர்த்த பொருளின் மதிப்பும் கூடவே மாறிவிடும் என்பதும் என் துணிபு. கடைசல் இணக்கம் என்பது எஃகுக்கு மட்டும் உரிய குணமன்று. எஃகும் உளியும் எந்த வேகத்தில் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்துப் பிறக்கும் குணம் அது.

உளிமுனையில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். உளி எஃகைப் பிளந்துகொண்டு போவதில்லை. அது முன்னே தள்ளும்போது, முனைக்கு எதிரிலுள்ள மெல்லிய ஏடு நசுங்கி, சாய்வான ஒரு தளத்தின் வழியே வழுக்கிச் சறுக்கி, தான் இருந்த கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு கனத்துச் சீவலாக மேலேறுகிறது. ஏறிய சீவல் உளியின் முகத்தின்மீது உராய்ந்தே செல்ல வேண்டும். அங்கே அழுத்தம் மிகப் பெரிது. புதிதாக வெட்டுண்ட உலோகமாதலால் அதன் மேற்பரப்பில் துருவோ எண்ணெயோ காற்றுப் படலமோ கிடையாது. ஆகவே சீவலின் அடிப்பாகம் உளியின் முகத்தோடு ஒட்டி நின்றுவிட, அதற்கு மேலுள்ள பகுதி மட்டும் தானே தனக்குள் அறுபட்டு நகர்கிறது. செலவிட்ட சக்தியில் ஏறத்தாழ முழுவதும் உஷ்ணமாகிவிடுகிறது. அதில் பெரும்பங்கைச் சீவல் தன்னோடு எடுத்துக்கொண்டு போனாலும், எஞ்சிய சிறுபங்கே உளிமுகத்தைச் செந்நிறம் காட்டும் அளவுக்குச் சூடாக்கப் போதுமானது. கடைசல் பட்டறையில் சீவல் வெள்ளையாக விழுகிறதா, வைக்கோல் நிறமாகவா, நீலம் பாரித்தா என்று அனுபவசாலிகள் நோட்டம் விட்டுக்கொண்டே நிற்பது, அந்த உஷ்ணத்தைக் கருவியில்லாமல் அளந்துகொள்ளும் உபாயமே.

வேகம் குறைவாக இருக்கும்போது வேறொரு தொல்லை தலைகாட்டும். ஒட்டி நின்ற அந்த எஃகு, நசுங்கி நசுங்கி இறுகி, மூல உலோகத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கடினமான ஒரு குமிழாக உளிமுனையில் படிந்துவிடுகிறது. இனி வெட்டுவது உளியன்று, அந்தக் குமிழே. அது வளர்ந்து, பெயர்ந்து, ஒருபாதி சீவலோடும் ஒருபாதி வேலைப்பொருளோடும் போய், மறுபடி வளரும். கடைந்த பரப்பில் கிழித்தது போன்ற சொரசொரப்பைக் கண்டால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மென்மையான எஃகு எளிதில் வெட்டுப்படும் என்று நினைப்பதும் இந்தக் காரணத்தால் தவறாகிவிடுகிறது. கரி மிகக் குறைந்த எஃகு, ஒரு சதவிகிதத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கரியுடையது, மென்மையாயிருந்தும் உளியில் பசைபோல் ஒட்டிக்கொண்டு தொழிலாளியின் பொறுமையைச் சோதிக்கும். முறியாத நீண்ட சுருளாகச் சீவல் விட்டு, அச்சுருள் சக்கைச் சுற்றிப் பின்னி, கையைக் கிழிக்கவும் காத்திருக்கும். கரி கால் சதவிகிதத்தை ஒட்டியிருக்கும்போது இணக்கம் நல்ல நிலைக்கு வருகிறது. அதற்கு மேல் ஏற ஏறக் கடினம் மிகுந்து மறுபடி குறைகிறது. கரி மிகுந்த எஃகை நீண்டநேரம் தக்க சூட்டில் வைத்து, அதனுள் தகடுதகடாகக் கிடக்கும் இரும்புக் கார்பைடை உருண்டை மணிகளாகத் திரளச் செய்தால் அது உளிக்குப் பணிந்து வரும். கரி குறைந்த எஃகையோ குளிர்ந்த நிலையிலேயே அச்சுத்துளை வழி இழுத்துச் சற்று விறைப்பாக்கினால் ஒட்டும் குணம் தணியும். ஆக, வேண்டியது மென்மையன்று, முறியும் குணம். சீவல் துண்டு துண்டாக முறிய வேண்டும், உளியில் ஒட்டாமல் நழுவ வேண்டும், அப்படியிருந்தும் உறுப்பு தன் வேலையில் முறியக்கூடாது. முரண்பட்ட இந்த மூன்று நிபந்தனைகளையும் ஒரே உலோகத்தில் நிறைவேற்றும் முயற்சியில்தான், எஃகு உருக்குவோர் தலைமுறை தலைமுறையாக விரட்டி வந்த கந்தகம் மறுபடி உள்ளே அழைக்கப்பட்டது.

கந்தகம் எஃகின் பழைய தோஷம். உருகிய எஃகு உறையும்போது அது இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடாகி, எஃகின் படிக மணிகளின் எல்லைகளில் படலமாகப் பரவுகிறது. அந்தப் படலம் இரும்போடு கூடி 988 பாகை சென்டிகிரேடிலேயே உருகிவிடுமாதலால், ஆயிரத்துச் சொச்சம் பாகையில் உருளைகளுக்கிடையே செலுத்தும்போது எஃகுப் பாளம் எல்லை எல்லையாக விரிந்து பிளந்துவிடும். 1856-இல் ஹென்றி பெஸ்ஸமர், உருகிய வார்ப்பிரும்பினூடே காற்றைச் செலுத்தி மலிவாக எஃகாக்கும் முறையை உலகுக்கு அறிவித்தபோது, உரிமம் பெற்ற உற்பத்தியாளர்கள் பலரும் உருளையில் நொறுங்கிப்போன பாளங்களைக் கண்டு மனமுடைந்தனர். பாஸ்பரஸும் அதற்கு ஒரு காரணம். எஃகில் கரைந்து நின்ற ஆக்ஸிஜனும் கந்தகமும் மற்றொன்று. இங்கிலாந்தின் டீன் வனப்பகுதியில், தந்தையின் வழியில் இரும்பு ஆராய்ச்சியே வாழ்வாக இருந்த ராபர்ட் மஷெட் என்பவர், மாங்கனீஸ் மிகுந்த ஒருவகை வார்ப்பிரும்பைச் சிறிதளவு சேர்த்துப் பார்த்து இந்த இரண்டாவது நோயைத் தீர்த்தார். மாங்கனீஸ் ஆக்ஸிஜனை ஈர்த்துக்கொண்டது. கந்தகத்தையும் இரும்பிடமிருந்து பறித்துத் தன்னோடு பிணைத்துக்கொண்டது. மாங்கனீஸ் சல்பைடு 1,600 பாகையை ஒட்டியே உருகுவது. எல்லைகளில் படலமாகப் பரவாமல் தனித்தனி உருண்டைகளாக உறைந்துவிடுவது. எனவே உருளையில் எஃகு பிளக்கவில்லை. பெஸ்ஸமரின் முறையை உலகம் ஏற்கும்படி செய்த இந்தக் கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, உரிய கட்டணம் செலுத்தப்படாமையால் 1859-இல் காலாவதியாகி மஷெட்டின் கையைவிட்டுப் போயிற்று. 1866-இல் அவருடைய பதினாறு வயது மகள் மேரி தன்னந்தனியாக லண்டன் சென்று பெஸ்ஸமரிடமே நியாயம் கேட்டாள் என்பதும், அதன் பயனாக அவர் மஷெட்டுக்கு ஆண்டுதோறும் 300 பவுன் அளிக்க முன்வந்தார் என்பதும் தொழில் வரலாற்றின் ஓரத்தில் கிடக்கும் செய்திகள். அந்தப் பெண்ணின் துணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. மஷெட்டை நாம் இந்த அத்தியாயத்தில் மறுபடியும் சந்திப்போம். அப்போது அவர் எஃகின் பக்கமல்ல, உளியின் பக்கம் நிற்பார்.

மாங்கனீஸோடு பிணைந்த கந்தகம் தீங்கற்றது என்று தெரிந்தபின், அது நன்மையும் செய்யக்கூடியது என்று தெரியவந்தது. கந்தகம் சற்று மிகுதியாகத் தங்கிவிட்ட எஃகு உளிக்கு எளிதில் வசப்படுவதைப் பட்டறைகள் கவனித்தன. பிறகு வேண்டுமென்றே சேர்க்கத் தொடங்கினர். சாதாரண எஃகில் கந்தகம் 0.05 சதவிகிதத்துக்குள் அடக்கப்படும். தானியங்கித் திருகாணி எந்திரங்களுக்கென்று வார்க்கப்படும் அமெரிக்க 1215 வகை எஃகிலோ அது 0.26 முதல் 0.35 சதவிகிதம் வரை இருக்கிறது. அந்த அளவே எஃகு முழுவதும் மாங்கனீஸ் சல்பைடு மணிகளைத் தூவிவிடப் போதும். எஃகு வெட்டுத்தளத்தில் சறுக்கும்போது, மென்மையான அந்த மணிகளைச் சுற்றி நுண்ணிய பிளவுகள் திறக்கின்றன. தபால்தலைத் தாளில் குத்திய துளைவரிசை, கிழிக்கும்போது மட்டும் கிழிய இடம் கொடுத்து மற்ற நேரத்தில் தாளைத் தாளாகவே வைத்திருப்பதுபோல, இந்த மணிகள் சீவலை மெலியச் செய்து, சுருளவிடாமல் முறித்துப் போடுகின்றன. அதோடு அவற்றின் பணி முடிவதில்லை. உளிமுகத்தின்மீது உராயும்போது அவை நசுங்கி மெல்லிய படலமாகப் பரவி, எஃகுக்கும் உளிக்கும் இடையே மசகாக நின்று, ஒட்டும் குமிழ் வளராமல் பார்த்துக்கொள்கின்றன. பாஸ்பரஸும் கரைந்த நைட்ரஜனும் இதே எஃகில் சிறிதளவு அனுமதிக்கப்படுவதற்குக் காரணம், அவை மென்மையான இரும்பு மணிகளுக்குச் சற்று முறியும் தன்மையைக் கொடுப்பதே.

மணிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் வடிவம் முக்கியமானது என்பது இதில் ஒரு சூட்சுமம். பருத்த உருண்டைகளாகக் கிடந்தால் பயன் மிகுதி. உருளையில் இழுபட்டு நூல்நூலாக நீண்டுவிட்டால் பயன் குறைவு. உறையும் எஃகில் ஆக்ஸிஜன் சற்று மிகுந்திருந்தால் சல்பைடு பருத்த உருண்டையாகத் திரள்கிறது. அலுமினியத்தையும் சிலிக்கனையும் போட்டு ஆக்ஸிஜனை முற்றிலும் விலக்கிவிட்டால் அந்த வடிவம் கெடுகிறது. போதாக்குறைக்கு, அலுமினியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து உண்டாகும் அலுமினா, சாணைக்கல்லில் பயன்படும் கடினப்பொருள். அதன் துகள் ஒவ்வொன்றும் உளியின் விளிம்பைத் தேய்க்கும். மற்ற எஃகுகளைத் தூய்மைப்படுத்தக் கையாளும் முறையையே இந்த எஃகில் விலக்கி வைப்பது அதனால்தான். டெல்லூரியம் என்ற அபூர்வ மூலகத்தை மிகச் சிறிதளவு சேர்த்தால் சல்பைடு மணிகள் உருளையின் அழுத்தத்தில் நீளாமல் உருண்டையாகவே நிற்கும். செலினியமும் ஏறத்தாழ அவ்வாறே.

ஈயத்தின் கதை வேறு வகை. இரும்பில் ஈயம் கரைவதே இல்லை என்று சொல்லலாம். திரவ நிலையிலும் மிகச் சொற்பமே கரையும். அன்றியும் அது எஃகைவிடக் கனமானது. 327 பாகையில் உருகுவது. 1,600 பாகை எஃகில் இட்டால் ஒருபங்கு ஆவியாகி நச்சுப்புகையாக எழும், ஒருபங்கு அடியில் போய்த் தங்கும். இத்தனை தடைகளையும் மீறி, வார்ப்பு அச்சில் விழும் எஃகுத் தாரையில் நுண்ணிய ஈயக் குண்டுகளைச் சீராகத் தூவி, அவை பரவி உறையும்படி செய்யும் முறை 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கைகூடிற்று. இன்லண்ட் ஸ்டீல் நிறுவனத்தார் அதை லெட்லாய் என்ற பெயரில் விற்றனர். இன்று பெருவழக்கில் உள்ள 12எல்14 வகையில் ஈயம் 0.15 முதல் 0.35 சதவிகிதம், சல்பைடு மணிகளின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டும், தனித்துளிகளாகவும் அது கிடக்கிறது. வெட்டும் இடத்துச் சூட்டில் உருகி, உளிமுகத்தில் படலமாகி உராய்வைத் தணிக்கிறது. வெட்டுத்தளத்தில் நுண்பிளவுகள் மூடிக்கொள்ளாமல் தடுத்துச் சீவலை நொறுக்குகிறது. ஈயமிட்ட எஃகு கடைசலில் விடும் சீவலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: சுருளே இல்லை, ஒன்பதின் வடிவில் வளைந்த சின்னஞ்சிறு துண்டுகள் தட்டில் சலசலவென்று சொரிகின்றன, கடைந்த பரப்போ கண்ணாடியின் மெருகோடு வெளிப்படுகிறது.

இவற்றை ஒப்பிட ஓர் அளவுகோல் உண்டு. கந்தகமிட்ட 1212 வகை எஃகை பின்னால் நாம் காணப்போகும் அதிவேக எஃகு உளியால் நிமிடத்துக்கு 180 அடி பரப்பு வேகத்தில் கடைவதை 100 என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவர். அந்தக் கணக்கில் 1215 ஏறக்குறைய 136. 12எல்14 அதையும் தாண்டி 160-க்கு மேல். தண்டுகளுக்குப் பயன்படும் 1045 வகை 55-ஐ ஒட்டி. துருவேறா எஃகான 304 சுமார் 45. இந்த எண்களை வேதவாக்காகக் கொள்ளலாகாது. உளியும் வேகமும் மாறினால் வரிசையே கலைந்துபோகும். ஆயினும் ஒரு சதவிகிதத்தில் கால்பங்கு ஈயம் என்ன செய்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். உளிக்கு வழிவிட்ட அதே மணிகள், உறுப்பு உழைக்கும்போது களைப்பு முறிவுக்கும் வழிவிடக்கூடும். உருளையின் திசையில் அவ்வளவு தெரியாத பலவீனம், குறுக்குத் திசையில் நன்றாகத் தெரியும். கந்தகமிட்ட எஃகைப் பற்றவைத்தால் பற்றிலே வெடிப்பு விடும். ஈயமிட்ட எஃகு 250 முதல் 400 பாகைச் சூட்டு எல்லையில் திடீரென்று நொறுங்கும் குணத்தைக் காட்டுவதால், அந்தச் சூட்டில் பாரம் தாங்க வேண்டிய உறுப்புக்கு அதைத் தேர்ந்தெடுப்பது அபாயம். துருவேறா எஃகில் இந்தப் பேரம் இன்னும் கடுமையானது. 304 வகை, உளி பட்டதும் இறுகிக்கொள்ளும் சுபாவமுடையது. அதன் உஷ்ணங்கடத்தும் திறன் சாதாரண எஃகில் மூன்றில் ஒரு பங்கேயாதலால் சூடு முழுவதும் உளிமுனையிலேயே தேங்குகிறது. ஆகவே கடைசல்காரர்களுக்கு அது பெருந்துன்பம். 1920-களின் இறுதியில் அமெரிக்காவின் கார்பென்டர் ஸ்டீல் நிறுவனம் துருவேறா எஃகிலும் கந்தகம் சேர்த்து அத்துன்பத்தைத் தணித்தது. 304-க்கு உறவான 303-இல் கந்தகம் 0.15 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருக்கிறது. ஆனால் உப்புநீர் தாக்கும்போது முதற்குழி விழுவது அந்தச் சல்பைடு மணிகளின் ஓரத்தில்தான். கடற்கரையில் உழைக்கப்போகும் உறுப்பைக் கடைசல் வசதிக்காக 303-இல் செய்வதை, நான் உறுதியாகச் சொல்கிறேன், எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

இனி உளியின் பக்கம் வருவோம். நெடுங்காலம் உளி என்பது கரி மிகுந்த எஃகே. சூடாக்கி நீரில் தோய்த்து இறுக்கியது. அது 250 பாகையைத் தொட்டதும் தன் கடினத்தை இழக்கத் தொடங்கிவிடும். ஆதலால் நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகத்துக்குமேல் எஃகைக் கடைவது இயலாதிருந்தது. 1868-இல் அதே ராபர்ட் மஷெட், டங்ஸ்டனும் மாங்கனீஸும் மிகுந்த ஒரு கருவி எஃகு, நீரில் தோய்க்காமலே, சூளையிலிருந்து எடுத்துக் காற்றில் ஆறவிட்டாலே கடினமாகிவிடுவதைக் கண்டார். ஷெஃபீல்டின் சாமுவேல் ஆஸ்பர்ன் நிறுவனம் அதை உற்பத்தி செய்தது. கலவையின் ரகசியம் மிகவும் கவனமாகக் காக்கப்பட்டது. எஃகில் மாங்கனீஸைச் சேர்த்து அதைப் பிழைக்க வைத்தவரே, அந்த எஃகை வெட்டுவதற்கான முதல் நவீன உளியையும் தந்தார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, சேர்மானமும் உளியும் ஒரே ஆராய்ச்சியின் இரண்டு கிளைகள் என்ற எண்ணம் எனக்கு வலுப்படுகிறது.

அடுத்த பெரும்படி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வைக்கப்பட்டது. பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர், 1880-இல் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கிய உலோக வெட்டுப் பரீட்சைகளை அவ்வப்போது இடைவெளி நேர்ந்தாலும் இருபத்தாறு ஆண்டுகள் நடத்தியவர். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பரீட்சைகளைப் பதிவு செய்து, எட்டு லட்சம் பவுண்டு எடைக்குமேல் இரும்பையும் எஃகையும் சீவலாக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். 1898-ஐ ஒட்டி பெத்லஹேம் எஃகு ஆலையில் அவரும் மான்செல் ஒயிட் என்ற உலோக நிபுணரும், மஷெட் எஃகை ஒத்த உளிகளை எவ்வளவு சூடாக்கலாம் என்று ஆராய்ந்தனர். குறிப்பிட்ட ஒரு சூட்டுக்குமேல் போனால் கருவி எஃகு கெட்டுவிடும் என்பது கொல்லர் பரம்பரையின் தீர்மானமான கொள்கை. அந்த எல்லையைக் கடந்ததும் உளி கெடத்தான் செய்தது. ஆனால் அவர்கள் அங்கே நின்றுவிடாமல் மேலும் மேலும் சூடாக்கிச் சென்றபோது, உருகுநிலையை நெருங்க நெருங்க உளி முன்னிலும் பன்மடங்கு சிறப்பாக விளங்கிற்று. டங்ஸ்டன், குரோமியக் கார்பைடுகள் அந்தச் சூட்டில்தான் எஃகில் கரைகின்றன. பிறகு மீண்டும் மிதமாகச் சூடாக்கும்போது மிகநுண்ணிய மணிகளாக வெளிப்பட்டு, 600 பாகை வரையிலும் கடினத்தைக் காக்கின்றன. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், முனை மங்கிய செந்நிறத்தில் கனன்றுகொண்டிருக்கவே உளி எஃகைச் சீவிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஐரோப்பிய எந்திர நிபுணர்கள் தம் கண்களை நம்பவில்லை. 18 பங்கு டங்ஸ்டன், 4 பங்கு குரோமியம், 1 பங்கு வனேடியம் என்று பின்னர் நிலைபெற்ற அந்த அதிவேக எஃகே, நம் பட்டறைகளில் எச்.எஸ்.எஸ். என்ற மூன்றெழுத்தால் அறியப்படுவது.

உளியின் ஆயுளுக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பையும் டெய்லர் ஓர் எளிய சூத்திரத்தில் அடக்கினார். வேகத்தைச் சிறிது கூட்டினால் ஆயுள் சிறிதளவு குறையும் என்று எதிர்பார்ப்போம். உண்மை அவ்வளவு தயவுள்ளதன்று. அதிவேக எஃகு உளியின் வேகத்தைப் பத்து சதவிகிதம் உயர்த்தினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். பிற்காலத்தில் வந்த கார்பைடு உளியில் அதே உயர்வு மூன்றில் ஒரு பங்கு ஆயுளைத்தான் பறிக்கும். எஃகில் சேர்த்த கந்தகமோ ஈயமோ உளிமுகச் சூட்டைச் சற்றுத் தணித்தாலும் உற்பத்தி அவ்வளவு பெருகுவதன் மர்மம் இந்தச் சூத்திரத்துக்குள்தான் இருக்கிறது.

கார்பைடு உளி பிறந்தது மின்விளக்குத் தொழிலில். விளக்கின் டங்ஸ்டன் இழையை இழுக்க வைர அச்சுகள் தேவைப்பட்டன. அவற்றுக்கு மாற்றுத் தேடிய ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவன ஆய்வாளர் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடுப் பொடியோடு கோபால்ட் பொடியைக் கலந்து அழுத்தி, கோபால்ட் இளகும் சூட்டில் பக்குவப்படுத்தி 1923-இல் காப்புரிமை கோரினார். எஸ்ஸன் நகரத்துக் குருப் நிறுவனம் அதை விடியா என்ற பெயரில் 1927-இல் லைப்ஸிக் சந்தையில் வைத்தது. வார்ப்பிரும்பைக் கடைவதில் அது அற்புதம் செய்தது. எஃகைக் கடைந்தபோதோ எதிர்பாராத ஏமாற்றம்: உளியின் விளிம்புக்குச் சற்றுப் பின்னால், சீவல் ஓடும் தடத்தில், சிறு குழி தோன்றி ஆழமாகிக்கொண்டே போய் விளிம்பையே சரித்துவிட்டது. தேய்மானம் என்று அதைச் சொல்வது பொருந்தாது; ஆயிரம் பாகையை நெருங்கிய சூட்டில், ஒட்டி ஓடும் எஃகுக்குள் டங்ஸ்டன் கார்பைடு அணு அணுவாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தது. டைட்டேனியம் கார்பைடு எஃகில் அவ்வளவு எளிதாகக் கரையாது. 1930-களில் அதையும் டான்டலம் கார்பைடையும் கலந்த பிறகே, கார்பைடு உளி எஃகுக்கும் உளியாயிற்று. எஃகு இணங்கவேண்டி எஃகில் சேர்மானம் போட்டது ஒருபுறமிருக்க, எஃகுக்கு இரையாகாதிருக்கவேண்டி உளியிலும் சேர்மானம் போடவேண்டி வந்தது. 1960-களின் இறுதியில், உறுதியான கார்பைடு உடலின்மீது சில மைக்ரான் கனமே உள்ள டைட்டேனியம் கார்பைடுப் பூச்சைப் படியவைக்கும் முறை வந்தபோது, கரையாத முகமும் முறியாத உடலும் ஒரே உளியில் சேர்ந்தன. பட்டறை மேஜைகளில் இன்று காணும் பொன்னிற இன்சர்ட்டுகளின் நிறம் டைட்டேனியம் நைட்ரைடுப் பூச்சினுடையது.

உளி இவ்விதம் மாறியதும் எஃகில் போடும் சேர்மானத்தின் கணக்கும் மாறிற்று என்பதே நான் வற்புறுத்த விரும்பும் செய்தி. அதிவேக எஃகின் மிதமான வேகத்தில் தலைவேதனை ஒட்டும் குமிழ். அதற்குக் கந்தகமும் ஈயமும் கைகண்ட மருந்து. கார்பைடின் பெருவேகத்தில் குமிழ் தானே மறைந்துவிடுகிறது. அங்கே பகை, கரைந்து குழிவிழுதலும் அலுமினாத் துகள்களின் உராய்வுமே. 1960-களில் ஜெர்மனியின் ஆஹன் நகரத்தில் ஹெர்வார்ட் ஓபிட்ஸும் அவர் குழுவினரும், கால்சியத்தால் பக்குவப்படுத்திய எஃகைக் கார்பைடு உளியால் வேகமாகக் கடையும்போது, உளிமுகத்தில் மெல்லிய கண்ணாடி போன்ற ஒரு படலம் தானாகவே படிந்து, குழிவிழாமல் காப்பதைக் கண்டறிந்தனர். பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கே உள்ள கால்சியம், கடினமான அலுமினாத் துகள்களைக் கால்சியம் அலுமினேட்டுகளாக மாற்றிவிடுகிறது. வெட்டும் சூட்டில் அவை இளகி, தேய்க்க வந்த துகளே காக்கும் மேலாடையாக அமைந்துவிடுகிறது. ஆனால் இந்தப் படலம் நன்றாக உருவாவதற்கு வேகமும் சூடும் வேண்டும். டைட்டேனியம் கார்பைடு கலந்த உளியின்மீதே அது செவ்வனே பற்றுகிறது. அதே எஃகை எச்.எஸ்.எஸ். உளியால் நிதானமாகக் கடைகிறவருக்குக் கால்சியத்தால் அந்தப் பயன் கிட்டுவதில்லை. எஃகின் உறுதியைப் பெரிதும் பாதிக்காத இந்த உபாயம், பல்சக்கரம், வணரித்தண்டு போன்ற உயிர்நிலை உறுப்புகளுக்கு ஈயத்தைவிட எவ்வளவோ மேலானது என்பது என் அபிப்பிராயம்.

ஈயத்துக்கு வேறு நெருக்கடியும் வந்துவிட்டது. ஆலையில் எழும் ஈயப்புகையும், கழிவில் சேரும் ஈயமும் மனித உடலுக்குச் செய்யும் கேட்டை எண்ணி, ஐரோப்பிய ஒன்றியம் வாகனங்களைப் பற்றி 2000-இலும், மின்சாதனங்களைப் பற்றி 2002-இலும் விதித்த கட்டளைகளில் ஈயத்தைத் தடுத்தது. எனினும் கடைசல் எஃகில் 0.35 சதவிகிதம் வரை விலக்களிக்க நேர்ந்தது. 271 பாகையில் உருகும் பிஸ்மத் ஏறத்தாழ ஈயத்தின் வேலையையே செய்யுமாயினும் விலையில் அது மிக உயர்ந்தது. ஆலைத் தொழிலாளியின் இரத்தத்தில் சேரும் விஷத்தைக் கடைசல் கூலியின் சிக்கனத்தோடு ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈயம் போகவேண்டிய பொருளே.

நம் நாட்டுப் பட்டறைகளில் இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-இல் வெளிவந்த பிரிட்டிஷ் தர அட்டவணையின் ஈஎன் எண்களே கோயம்புத்தூரின் எஃகுக் கடைகளில் இன்றும் வழங்கும் பெயர்கள். பம்பின் தண்டுக்கு ஈஎன் 8 கேட்பார்கள்; கரி 0.4 சதவிகிதத்தை ஒட்டியது, கந்தகம் குறைவு, கடைசலுக்குச் சற்று முரண்டு பிடிப்பது. அதையே கந்தகம் கூட்டி ஈஎன் 8எம் என்று வார்த்ததும் உண்டு. சிறு திருகாணிக்கும் குழாய் இணைப்பு நிப்பிளுக்கும் ஈஎன் 1ஏ, விரைவு வேண்டுமானால் ஈயமிட்டது. நாள் முழுவதும் ஓயாது சுழன்று வளைபாரம் தாங்கும் தண்டைக் கடைசல் சுலபத்துக்காக ஈஎன் 1ஏ-யில் செய்து கொடுப்பவர், தம் பட்டறையில் மிச்சப்படுத்திய அரைமணியை விவசாயியின் கிணற்றடியில் முறிவாகச் செலவு வைக்கிறார். ஈஎன் 8-இலேயே தண்டைச் செய்து, பழைய எச்.எஸ்.எஸ். உளிக்குப் பதில் பூச்சிட்ட கார்பைடு இன்சர்ட்டைப் பூட்டி, வேகத்தை நிமிடத்துக்கு முப்பது மீட்டரிலிருந்து நூற்றைம்பதுக்கு உயர்த்த எந்திரத்துக்கு உறுதி இருந்தால், எஃகில் யாதொரு சேர்மானமும் இன்றியே அந்த அரைமணி கிடைத்துவிடும். எந்திரம் பழையதாகி, தாங்குருளைகள் தளர்ந்து அதிருமானால் கார்பைடு விளிம்பு உதிர்ந்துபோகும், அங்கே எச்.எஸ்.எஸ். உளியையே தீட்டி வைத்துக்கொண்டு, ஈஎன் 8எம் தண்டின் உழைப்புக்குப் போதுமா என்று முதலில் விசாரித்து, போதுமானால் அதை வாங்குவதே தகும்.